மைக்கை என் கையில் கொடுத்தவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், தெற்குத்தெரு மகளிர் குழு அக்காமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் குடிநீர்த் தொட்டியைப் பற்றி நான் பேசியதை செல்போனில் எடுத்து ஆளாளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லாம் "உனக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது?" என்று கேட்கிறார்கள். தைரியமெல்லாம் வரவில்லை. மைக்கை வாங்கும்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்கும். பயந்துகொண்டே பேசி முடிக்க எனக்கு வழி செய்து கொடுத்தவர்கள் சிலர் உண்டு. வீடியோவில் அவர்கள் யாரும் தெரியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் குழுவை முன்நின்று நடத்தும் அனிமேட்டர் அக்கா. குழுவில் நான் கணக்கு எழுதுவேன், அவ்வளவுதான். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அக்கா ஒருநாளும் என்னிடம் "பேசு" என்று சொன்னதில்லை. "கண்ணாடி எடுத்துட்டு வரலை, தீர்மான நோட்டை நீயே வாசிச்சிடு" என்பார். வாராவாரம் ஒருத்தருக்குக் கண்ணாடி எப்படி மறந்துபோகும் என்று எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாயிற்று. உட்கார்ந்து வாசித்தவளை, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று எழுந்து நிற்க வைத்தார். அப்புறம் வங்கிக்குக் கடன் கேட்கப் போனபோது, மேலாளரிடம் சேமிப்பு விவரம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார். நீச்சல் பழக்க இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நமக்குத் தெரியாமலே அதை அவிழ்த்துவிடுவார்களே, அப்படித்தான். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய இந்த மகளிர் குழுக்களைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் சேமிப்பு, கடன் என்பார்கள். என்னைக் கேட்டால் தீர்மான நோட்டுதான் பெரிய லாபம்.

அடுத்து ஊர்ப்புற நூலக ஐயா. பேச வேண்டியதை நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சுதந்திரத்தில் ஆரம்பித்து, காந்தியைத் தொட்டு, மூன்றாம் பக்கத்தில்தான் தண்ணீர் வந்தது. முதல் இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, "தொட்டித் தூணில் என்ன எழுதியிருக்கு, போய் பார்த்துட்டு வா" என்றார். தொட்டி கழுவிய தேதியையும் அடுத்து கழுவ வேண்டிய தேதியையும் தூணில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். அந்த அடுத்த தேதி தாண்டி மாதக்கணக்காகியிருந்தது. "இதுதான் உன் முதல் வரி. இதை மட்டும் மனப்பாடம் பண்ணு. கடைசியில என்ன வேணும்னு கேட்கப்போறியோ, அதையும் பண்ணு. நடுவுல உள்ளதை வீட்டுல சொல்ற மாதிரி சொல்லு" என்றார். முழுப் பேச்சையும் மனப்பாடம் பண்ணினால் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் மொத்தமும் போய்விடுமாம். உண்மைதான், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பாதியிலேயே அழுதுகொண்டு இறங்கிய பிள்ளைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

அவர் சொன்ன இன்னொன்றை யாராவது பேசப் போகிறவர்களுக்கு இங்கே எழுதி வைக்கிறேன். குறிப்பை வெள்ளைத் தாளில் எழுதாதீர்கள். கை லேசாக நடுங்கினாலே தாள் படபடக்கும், அதைப் பார்த்து நமக்கு இன்னும் நடுங்கும். ஐயா பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதச் சொன்னார். தடித்த அட்டை, கை ஆடினாலும் வெளியே தெரியாது.

மைக்செட் அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். நம் குரல் பாக்ஸில் இருந்து திரும்பி வரும்போது வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கும், அதில்தான் பாதிப் பேர் மிரண்டுபோகிறார்கள் என்றார். காலி மைதானத்தில் ஊரில் உள்ள தெருப்பெயர்களை எல்லாம் சொல்லச் சொன்னார், குரல் பழகும் வரை. வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடிக்கணும், பாக்ஸ் பக்கம் திருப்பினால் ஊளையிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். இதற்கு ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்றுதான் எனக்கு ரொம்பத் தயக்கம். அவரோ "நான் சொன்னா எடுபடாது, நீ சொல்லு" என்று, பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோனது, வால்வு ஒழுகுவது எல்லாவற்றையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

முன்பு வார்டு உறுப்பினராக இருந்த அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, "கூட்டத்தைப் பார்க்காதே, என்னைப் பார்த்துச் சொல்லு" என்றார். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வாய் திறக்கத் தனக்கு வருஷக்கணக்கில் ஆனது என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து "இதையெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்றார். அவர் பெயர் எதற்கு, விடுங்கள். எனக்கு அடுத்த வரி மறந்தேபோனது. அப்போது கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் சார் குரலை உயர்த்தாமல், "அவங்க முடிக்கட்டும், அப்புறம் நீங்க பேசுங்க" என்றார். அந்த இடைவெளியில் அட்டையைப் பார்த்துக்கொண்டேன். சார், அந்த ஒரு வரிக்கு நன்றி.

கீரை உருவிக்கொண்டே தினமும் என் பேச்சைக் கேட்டு, "இது எனக்குப் புரியலை, மறுபடி சொல்லு" என்ற மாமியாருக்கும் நன்றி. அவர் கேட்டதால்தான் 'பராமரிப்பின்மை' போன்ற வார்த்தைகளெல்லாம் ஓடிப்போயின.

தொட்டியைக் கழுவிவிட்டார்கள், தூணில் புதுத் தேதி போட்டாயிற்று. வால்வு இன்னும் ஒழுகுகிறது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியிருப்பதால் அக்டோபர் 2 கிராம சபையில் திரும்பக் கேட்கப் போகிறேன். வடக்குத்தெரு தங்கை ஒருத்தி தெருவிளக்கைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள், இப்போதே கைகால் உதறுகிறதாம். நம் ஊராட்சிக்கு 100 பேராவது வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரும். வீட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு 11 மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தெற்குத்தெரு மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவள்