புதுச்சேரிக் கடற்கரைச் சாலை காலை நடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே, நம்மோடு நடக்கும் இரண்டு அக்காமார்களே,

போன திங்கட்கிழமை சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டுத்தாள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. "இனி நடையின்போதும், முடிந்து உட்காரும்போதும் அரசியல், மதம், சரித்திரம் பேசக் கூடாது. மீறுபவர் அன்றைய காபிக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டும்." கீழே ஐந்து கையெழுத்து. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைப் போட்ட பிறகுதான் சுருக்கென்றது. 31 வருஷம் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள், சரித்திரம் பேசாதே என்ற சீட்டை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சீட்டைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். ஐந்து பேரிடமும் தனித்தனியாகச் சொல்லலாம். ஆனால் சண்டை எல்லோர் முன்னாலும் நடந்தது. பதிலும் அப்படியே இருக்கட்டும்.

அதற்கு முந்தின சனிக்கிழமை என்ன நடந்தது? ஆகஸ்ட் 16 வருகிறதே, 1954இல் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்ட கீழூருக்கு ஒரு வேன் பிடித்துப் போய் வரலாமா என்று மண்ணாடிப்பட்டு அண்ணன் ஆரம்பித்தார். "178 பேர் போட்ட ஓட்டு ஒரு ஓட்டா? ஜனங்களை யார் கேட்டார்கள்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பிரெஞ்சுப் பென்ஷனில் வளர்ந்த குடும்பம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பேச்சு அங்கிருந்து பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயின் சிலைக்குத் தாவியது, சிலையிலிருந்து இடித்த கோயிலுக்குத் தாவியது, கோயிலிலிருந்து, கிறிஸ்தவரான நெல்லித்தோப்புத் தம்பியின் முகத்துக்கு வந்து நின்றது. கடைசியில் ஒருவர் பெரியவரைப் பார்த்து, "உங்கப்பா எந்தக் கொடிக்குச் சலாம் போட்டாரு?" என்றார். பெரியவர் தம்ளரைக் கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு பழைய கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. தம்ளரில் பாதிக் காபி அப்படியே இருந்தது.

உங்கள் சீட்டு சரித்திரத்துக்குத் தடை போட்டிருக்கிறது. அப்பாவை இழுத்த அந்த ஒரு கேள்விக்கு ஒரு தண்டனையும் இல்லை. கேட்டவர் மறுநாளும் வந்தார், நடந்தார், காபி குடித்தார். வராமல் போனவர் பெரியவர்தான்.

பெரியவர் அந்த 178 ஓட்டைப் பற்றிக் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். 1948இல் இந்தியாவும் பிரான்சும் கூட்டாகச் சொன்னது, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை அந்தந்த மக்களே தீர்மானிப்பார்கள் என்று. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 7,473 பேர், எதிராக 114 பேர். நம் ஊரில் அப்படி நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் பிரதிநிதி சபையினரும் நகரசபை, கொம்யூன் (உள்ளாட்சி) உறுப்பினர்களும். 178 பேரில் 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது; அந்த வருஷம் ஆகஸ்ட் 16 அன்றுதான் இணைப்பு சட்டப்படி நடந்தது. அதனால்தான் நமக்கு ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று நாள். "நமக்கு எத்தனை சுதந்திர தினம் டீச்சர்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டபோது, "பாடத்தைப் பார்" என்று அடக்கிவிட்டேன். அவன் கையில் இருந்தது தமிழ்நாட்டுப் பாடநூல். அதில் கீழூரை நான் பாடமாக நடத்திய நினைவில்லை. இன்று அவன் பிள்ளை சிபிஎஸ்இ புத்தகத்தோடு போகும். சொந்த ஊர்ச் சரித்திரத்தை நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில்தான் கொஞ்சநஞ்சம் கற்றோம். அதையும் இப்போது நிறுத்தச் சொல்கிறீர்கள்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. இணைந்தது சரி என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதற்கு அந்த 178ஐ நான் ஆதாரமாகக் காட்ட மாட்டேன். 1936 ஜூலை 30ஐக் காட்டுவேன். பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த நாள். எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் உயிரைக் கொடுத்தவர்கள். வ. சுப்பையா போன்றவர்கள் கட்டிய அந்த இயக்கத்திலிருந்துதான் விடுதலைப் பேச்சு இந்த ஊரின் ஆலைச் சந்துகளுக்கு வந்தது. என் அம்மாவின் அப்பா மில்லில் நெய்தவர். அவர் கடைசிவரை பிரெஞ்சுக்காரன் என்ற சொல்லைப் பல்லைக் கடித்துத்தான் சொல்வார்.

அதே வீட்டில், அதே சுவரில், அவர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் என் பெரியப்பா தொங்குகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சீருடை, மார்பில் பதக்கம். சைகோன் போய்ச் சண்டை பார்த்துத் திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16இலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தொடரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பெரியப்பா கோட்டு மாட்டிக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். ஆகஸ்ட் 15க்கு அப்பா எங்களைக் கொடியேற்றத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டு நாளும் அம்மா ஒரே பாயசம்தான் வைப்பாள். "உங்கப்பா எந்தக் கொடிக்குச் சலாம் போட்டாரு" என்ற கேள்வி பெரியவரைப் பார்த்துக் கேட்டதுதான், எனக்கும் உறைத்தது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

அரசியல்வாதி எதுவார் குபேர் விஷயத்தையே எடுங்கள். பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக நின்றவர், 1954 மார்ச்சில் இந்தியப் பக்கம் திரும்பினார், பிறகு இங்கே முதலமைச்சரும் ஆனார். அவரைத் தியாகி என்பவரும் நம்மில் உண்டு, சந்தர்ப்பவாதி என்பவரும் உண்டு. நாம் தினமும் தேய்க்கிற இந்தச் சாலைக்கே அவர் பெயர்தான்.

இனி கோயில். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் வேதபுரீசுவரர் கோயிலை துய்ப்ளேயின் பிரெஞ்சு நிர்வாகம் இடித்தது உண்மை. துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அநியாயம், அதற்கு எந்தச் சமாதானமும் வேண்டாம். "பிள்ளை மிகைப்படுத்தினார்" என்று நழுவுகிற தம்பிகளும் அந்தப் பக்கத்தை ஒருதரம் படியுங்கள்.

ஆனால் அதே நாட்குறிப்பில் மூன்று வருஷம் பின்னால் புரட்டினால் 1745 அக்டோபர் வரும். சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலுக்குள் ஒரு சுவர். சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் மறுபக்கம். ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இதையும் பிள்ளைதான் எழுதிவைத்தார். 1748ஐ மனப்பாடமாகச் சொல்லும் அண்ணன் 1745 பக்கம் போவதே இல்லை. அன்று நாம் எல்லோரும் முறைத்துப் பார்த்தோமே நெல்லித்தோப்புத் தம்பி, அவர் பாட்டன் பூட்டன் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று நம்மில் ஒருவராவது யோசித்தோமா? 1748க்கு அவரைப் பதில் சொல்லச் சொன்னோம். அந்தச் சுவருக்கு யாரைப் பதில் சொல்லச் சொல்வது?

துய்ப்ளே சிலையை எடுக்க வேண்டுமா, வைக்க வேண்டுமா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. எடுத்தாலும் காக்கைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் நீங்கள் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒருநாள்கூட நாட்குறிப்பைத் திறக்கவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

ஆகவே கேட்பது இரண்டு. சீட்டைக் கிழியுங்கள். வேண்டுமென்றால் வேறு சீட்டு எழுதுங்கள்: எதிராளியின் அப்பா, அம்மா, சாமி ஆகியோரைப் பேச்சுக்குள் இழுப்பவர் ஒரு மாதத்துக்குக் காபி வாங்கித் தர வேண்டும் என்று. அதில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரண்டாவது, கேள்வி கேட்டவர் பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போகக் கூச்சமென்றால் நான் கூட வருகிறேன். மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம், "வாங்கண்ணே, நீங்க இல்லாம நடை சரிப்படல" என்றால் அவர் வந்துவிடுவார். அவரும் நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழூர் வேனுக்கு என் பெயரையும் பெரியவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். 178 ஓட்டா ஓட்டில்லையா என்பதை அந்த நினைவு மண்டபத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசலாம்.

வருகிற சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு காந்தி சிலைக்கு எதிர் பெஞ்சில் இருப்பேன். நாட்குறிப்பின் 1745, 1748 பக்கங்களை ஆளுக்கொரு நகல் எடுத்து வருகிறேன். ஏழரைக்கு இந்தச் சாலையில் வண்டிகளை விடுவதற்குள் படித்து முடிக்க வேண்டும். எழுத்து பொடி, வாசிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை டீச்சர்