லினக்ஸ் லேப் கையேடு தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே முப்பது கட்டளைகளை அட்டவணை போட்டுவிடுகிறீர்கள். மாணவர்களும் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்ததும் கை ஓடுவதில்லை. எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்பதே பிடிபடாததுதான் காரணம்.

லினக்ஸ் வகைகளில் சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகட்டும், உபுண்டு ஆகட்டும், முதல் இரண்டு வகுப்புக்கு நிற்கும் இடத்தைச் சொல்லும் பிடபிள்யூடி, அங்கே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ், வேறு ஃபோல்டருக்குப் போக உதவும் சிடி மூன்றும் போதும். சிடி என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் எங்கிருந்தாலும் ஹோமுக்கு, அதாவது நம் சொந்த ஃபோல்டருக்கு, வந்துவிடலாம். சிடிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டு இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே. டெஸ்க்டாப்பின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்தாக அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். அதனால் டேப் விசையை முதல் நாளே பழக்குங்கள். இரண்டெழுத்து அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். நிரப்பவில்லையா? எழுத்து தவறு, அல்லது நிற்கும் இடம் தவறு, அல்லது அதேபோல் தொடங்கும் இன்னொரு பெயரும் இருக்கிறது.

கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையை நான்காம் வாரத்துக்குத் தள்ளுங்கள். அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனால் போனதுதான். 'பாடம்', 'பாடம் 1' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டாவதை நீக்க நினைத்து, ஆர்எம், மைனஸ் ஆர் (ஃபோல்டரை உள்ளிருப்பதோடு நீக்கச் சொல்வது), பாடம் 1 என்று மேற்கோள்குறி இல்லாமல் அடித்தால், கட்டளையைப் படிக்கும் நிரலான ஷெல் அதை இரண்டு பெயர்களாகப் படிக்கும். 'பாடம்' சத்தமில்லாமல் அழியும். '1' இல்லை என்று மட்டும் புகார் வரும். நீக்க நினைத்தது அப்படியே இருக்கும்! (டெர்மினலில் தமிழ்ப் பெயர்களின் கொம்பும் காலும் பிரிந்து தெரியலாம். கோப்புக்கு ஒன்றும் ஆகாது.) கோப்பை நகர்த்தவும் பெயர் மாற்றவும் உதவும் எம்வியும் லேசுப்பட்டதல்ல, அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் மேலெழுதிவிடும். இரண்டுக்கும், நீக்குமுன்போ மேலெழுதுமுன்போ கேட்கவைக்கும் மைனஸ் ஐ சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோ கடவுச்சொல் கேட்கும்போது திரையில் நட்சத்திரக்குறிகூட வராமல் இருக்கலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று எழுந்துவரும் மாணவருக்காக இதை ஒரு வரி எழுதிவையுங்கள். மேன் பக்கத்திலிருந்து (கட்டளைக்கான உதவிப் பக்கம்) வெளியேற கியூ, ஓடும் கட்டளையை நிறுத்த கன்ட்ரோல் சி என்பதையும்.

தேர்வில் கட்டளைக்கு விளக்கம் கேட்காதீர்கள். ஒரு கோப்பைக் கண்டுபிடித்து, நகலெடுத்து, பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஹிஸ்டரி கட்டளை காட்டுவதை அச்செடுத்து ரெக்கார்டில் ஒட்டட்டும். தவறாக அடித்த வரிகளும் அதில் இருக்கும். அவற்றுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயனர்கள் சிலர்