காதுக்குள்ள கேக்குற உறுமலை உங்க ஹெட்போன் எப்படிங்க கேன்சல் பண்ணும்?

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்கள்
பொருள்: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பெட்டி மேல போட்டிருக்கிற தப்பான வாக்குறுதி, ரீஃபண்ட் கேட்டு

வணக்கம்,

உங்க ஹெட்போனை நான் பாட்டு கேக்குறதுக்காக வாங்கல. பெட்டி மேல "எந்த வகை காது இரைச்சலா இருந்தாலும் முழு நிவாரணம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க, அதுக்காகத்தான் வாங்கினேன். பாட்டு நல்லாத்தான் கேக்குது, பேட்டரியும் நிக்குது, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. என் புகார் அந்த ஒரு வரி மேலதான்.

முதல்ல என் பிரச்சனைய சொல்லிடறேன், ஏன்னா உங்க கஸ்டமர் கேர்ல யார் எடுத்தாலும் "கீ...ன்னு விசில் அடிக்குதா சார்"னுதான் கேக்குறாங்க. இல்லைங்க. எனக்கு கேக்குறது "ம்ம்ம்ம்"னு ஒரு உறுமல், தெருமுனையில லாரிய ஆஃப் பண்ணாம நிறுத்தி வச்ச மாதிரி, ராவும் பகலும் நிக்காது. வெளிய ஏதாவது மோட்டார் ஓடுதான்னு மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, வேற ஊர்ல போய் தங்கி எல்லாம் பாத்தாச்சு, எங்க போனாலும் கூடவே வருது, காதைப் பொத்தினா இன்னும் பளிச்சுனு கேக்குது. இஎன்டி டாக்டரும் டெஸ்ட் எடுத்துட்டு இது டின்னிட்டஸ்தான், அதாவது வெளிய சத்தமே இல்லாம காதுல கேக்குற இரைச்சல், உங்களுக்கு கேக்குறது கீழ் சுருதின்னு சொல்லிட்டார்.

இப்ப உங்க ஹெட்போனுக்கு வர்றேன். நாய்ஸ் கேன்சலிங் என்ன பண்ணும்னு எனக்கு நீங்க சொல்ல வேண்டாம், உங்களுக்குத்தான் ஞாபகப்படுத்தணும் போல. வெளிச்சத்தத்தை மைக் பிடிக்குது, அதுக்கு நேர் தலைகீழான அலைய ஸ்பீக்கர் போடுது, ரெண்டும் சேர்ந்து அடங்கிடுது. என் உறுமல்ல அலையே கிடையாதே, அது கேக்குற நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்குறது, எந்த மைக் அதைப் பிடிக்கும்? இதுகூடப் பரவாயில்ல. இந்த டெக்னாலஜி நல்லா வேலை செய்யுறதே கீழ் சுருதி சத்தத்துலதான், ஃபேன் ஓடுறது, ஏசி இரையறது, பஸ் இன்ஜின், இதையெல்லாம் பெருமளவுக்கு தொடச்சு எடுத்துடும். எனக்கு இவ்வளவு நாளா உறுமலை மறைச்சுக்கிட்டு இருந்ததே அந்த ஃபேன் சத்தம்தாங்க! உங்க ஹெட்போனை மாட்டி பட்டனைத் தட்டினதும் இருந்த ஒரு திரையும் போயி, உறுமல் மட்டும் மண்டைக்குள்ள தனியா உக்காந்துக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி நான் தூங்கவே இல்ல.

சரி, ஆப்ல "ரிலீஃப் மோட்"னு ஒண்ணு இருக்கேன்னு போட்டேன். மழை, அருவி, வொயிட் நாய்ஸ், எல்லாமே "உஸ்ஸ்ஸ்"னு மேல் சுருதியில. சுருதிய மேட்ச் பண்ணிக்கோங்கன்னு ஒரு ஸ்லைடர் குடுத்திருக்கீங்க, அது ஆரம்பிக்கிறதே 1000 ஹெர்ட்ஸ்ல! என் சத்தம் 100 பக்கத்துல எங்கயோ இருக்கு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு பிரவுன் நாய்ஸாவது வேணும், ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது ஹெர்ட்ஸ் ரெண்டு மடங்கு ஆகுற ஒவ்வொரு தடவையும், 6 டெசிபல் குறைஞ்சுக்கிட்டே போறதால அடியில கனமா இருக்கும். அதைச் சேர்க்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது? எந்த வகையா இருந்தாலும்னு எழுதினவர் விசில் கேக்குறவங்களை மட்டும்தான் பாத்திருப்பார் போல.

இதை போன்ல சொன்னா உங்க ஆள் "வால்யூமை ஃபுல்லா வச்சு தூங்குங்க சார்"ங்கிறார். எனக்கு கோபமே இதுக்குத்தான். பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தினம் 8 மணி நேரம் மாட்டிக்கிட்டு தூங்கினா வாரத்துக்கு 56 ஆயிடுது, அதுவும் ஃபுல் வால்யூம் 80க்குள்ள நிக்குமா என்ன? இருக்கிற காதும் போயிடும். டாக்டர் எனக்கு சொன்னது இதுக்கு நேர்மாறு, உறுமலை அமுக்கப் பாக்காதீங்க, அதைவிட கொஞ்சம் கம்மியா பக்கத்துல ஒரு சத்தம் ஓடட்டும், மூளை மெதுவா அதைக் கண்டுக்காம விட்டுடும்னார். கூடவே சிபிடிங்கிற, நாம நினைக்கிற விதத்தை மாத்தப் பழக்குற கவுன்சிலிங். சத்தம் குறையல, ஆனா அது மேல இருந்த பயம் நெஜமாவே குறைஞ்சிருக்கு. டின்னிட்டஸை முழுசா நிறுத்துற மருந்தே இன்னும் வரல, நீங்க பெட்டியில முழு நிவாரணம் தர்றீங்க, சந்தோஷம்.

இன்னொண்ணு. இந்த மாதிரி உறுமல் கூடவே தலைசுத்தலும் காது அடைச்ச மாதிரியும் இருந்தா மெனியர்ஸ்ங்கிற உள்காது நோயா இருக்கலாம். ஒரு காதுல மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போட சேர்ந்து அடிச்சாலோ, திடீர்னு காது கேக்காம போனாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடணும். உங்க மேனுவல்ல எப்படி துடைக்கணும்னு ஒரு பக்கம் இருக்கு, இதைப் பத்தி ஒரு வரி இல்ல. ஒருத்தர் உங்க பெட்டிய நம்பி டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டா யாரு பொறுப்பு?

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேணும், வவுச்சர் வேண்டாம். பெட்டியிலயும் விளம்பரத்துலயும் அந்த வரிய எடுங்க, "முதல்ல டாக்டரைப் பாருங்க"ன்னு போடுங்க. வால்யூமைக் கூட்டச் சொல்றதை உங்க ஆளுங்க இன்னிக்கே நிறுத்தணும். பதிலை எழுத்துல அனுப்புங்க, பில் காப்பி இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்