நெட்டையனுக்கு, ஒரு ஜாடியைப் பற்றி

அடேய் நெட்டை,

ஐந்து மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். வாத்தியார் உன்னிடம் புலம்பியதும் காதுக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி மாத்திரையை ஒழுங்காகப் போடு. ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது, அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

சின்னவளும் நானும் டெர்ரேரியம், அதாவது மூடிய கண்ணாடி ஜாடிக்குள் ஒரு குட்டித் தோட்டம், வைத்திருக்கிறோம். கண்ணாடி ஜாடியில் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கூழாங்கல், மேலே கொஞ்சம் கரித்துண்டு, மண் இறங்காமலிருக்க வலைத்துணி, பிறகு மண். என் கை ஜாடி வாய்க்குள் நுழையவில்லை. பெரணி, ஃபிட்டோனியா என்கிற சின்ன இலைச்செடி, பாசி எல்லாவற்றையும் அவள்தான் நட்டாள்.

பத்தே நாளில் அத்தனையும் அழுகிப்போயின. நான் வேலைக்குக் கிளம்பியதும் தினமும் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஜாடிக்கு அடியில் ஓட்டை ஏது? கூழாங்கல்லைத் தாண்டி மண்வரை தண்ணீர் ஏறி, காற்றில்லாமல் வேர் அழுகி, மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. (உன் ரோஜாச்செடி விவகாரம் ஞாபகம் வந்தது. அவளிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, பயப்படாதே.)

அன்று ராத்திரி கேட்டாள்: "தாகமா இருக்கும்னுதானே ஊத்தினேன். நான்தான் கொன்னுட்டேனாப்பா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாம்மா, தண்ணி கூடிப்போச்சு. உனக்கு அதைச் சொல்லிக்கொடுக்காதது அப்பா தப்பு" என்றேன். அழுதாள். நான் சொன்னது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுபடி நட்டோம். இந்த முறை ஸ்பிரேயால் மண் நனையுமளவு மட்டும். காலையில் கண்ணாடியில் பனி படர்ந்து மதியத்துக்குள் தெளிந்தால் ஈரம் சரி. நாள் முழுக்கத் தெளியவில்லை என்றால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். இலை விடுகிற ஆவிதான் கண்ணாடியில் துளியாகி மண்ணுக்கே திரும்புகிறது. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. மூடிய ஜாடி சூடேறி உள்ளேயே செடி வெந்துவிடும்.

அவளுக்கு வார்டு கதையைச் சொன்னேன். 1829-இல் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு புட்டியில் போட்டு மூடினார். மண்ணிலிருந்து பெரணி முளைத்தது. அவர் தோட்டத்திலோ ஊர்ப்புகையில் பெரணி பிழைப்பதே இல்லை. 1833-இல் அதே யோசனையில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணம், உயிரோடு போய்ச் சேர்ந்தன. "கப்பல்ல யாரும் திறக்கவே இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

இங்கேதான் என் கவலை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எதையும் தொடமாட்டேன் என்கிறாள். பக்கத்துவீட்டுப் பூனைக்குட்டியை மடியில் வைத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "தொட்டா செத்துருமா?" எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியாடா இது? உண்மையைச் சொல்கிறேன் என்று பயத்தை அல்லவா கொடுத்துவிட்டேன். பல ராத்திரி தூக்கமில்லை.

கண்ணாடியில் ஒட்டுகிற இலையும் பழுத்த இலையும் உள்ளேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், வெட்டி எடுத்தே ஆக வேண்டும். என் கை நுழையாது. அதையே அவளிடம் சொல்லி, சின்னக் கத்தரியை ஜாடி பக்கத்தில் வைத்தேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், மூடி திறக்கிற சத்தம். பழுத்த ஃபிட்டோனியா இலை ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "மத்ததெல்லாம் நல்லாருக்குப்பா."

அவ்வளவுதான்டா. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, உங்கள் வீட்டுப் பின்சுவரில் மழைக்குப் பிறகு படர்கிற பாசியில் ஒரு கையளவு கொண்டு வா. ஈரத்துணியில் சுற்று, பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்துவிடாதே. அவள் இப்போதே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

உன்,
குட்டை