பதினோரு மணல் மூட்டை

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ அனுப்பிய செய்திக்குக்கூட நான் பதில் போடவில்லை. தப்பு என்மேல்தான், திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்துவிட்டது, உளுந்து முளைத்து நிற்கிறது.

சரி, நீ எழுதும் சின்னக் கணினி ஆட்டத்தின் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், நாடு கட்டி ஆளும் கணினி ஆட்டமான சிவிலைசேஷனின் ஐந்தாம் பாகத்தை மறுபடி போட்டேன். கணினி ஆட்டுவிக்கும் எதிராளி அலெக்சாண்டர் என் எல்லையை ஒட்டி ஊர் கட்டினான். எட்டுப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "எல்லையில் உன் படைக்கு என்ன வேலை?" என்று கேட்டான். எனக்கு இருந்தவை இரண்டே பதில்கள்: சும்மா கடந்து போகிறோம், இல்லையென்றால் போர். "இனி இந்தப் பக்கம் ஊர் கட்டாதே, படையைத் திருப்பிக்கொள்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. ஊர் கட்டாதே என்று தனியாகக் கேட்கலாம். ஆனால் அந்தப் பேச்சுக்கும் எல்லையில் நிற்கும் படைக்கும் சம்பந்தமே கிடையாது. மாப்ள, படையை நிறுத்தியதே அதைச் சொல்லத்தானே! 2005இல் வந்த நாலாம் பாகத்தில் கப்பம் கேட்டாலே, திமிராகக் கேட்டாய் என்று கணினி எதிராளி உறவுக் கணக்கில் குறைத்துவிடுவான். ஆறாம் பாகத்துக்கு 2019இல் வந்த விரிவாக்கம் கொஞ்சம் தேவலை. வாக்குத் தவறினால் மனக்குறை ஏறுகிறது, நாளாக ஆகத் தணிகிறது.

ஆவணியில் இங்கே நடந்ததைக் கேள். முறை வைத்துத் தண்ணீர் விட்ட சமயம். மேலூர்க்காரர்கள் வாய்க்காலில் பதினோரு மணல் மூட்டையை அடுக்கிவிட்டார்கள். நமக்குக் கணுக்கால் அளவுகூட வரவில்லை. சின்ன மாமா சத்தமே போடவில்லை. அவர்கள் ஊர் வடிகால் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அதில் மண்டும் ஆகாயத்தாமரையை வருஷாவருஷம் நாம்தான் எடுக்கிறோம். "நாளைக் காலைக்குள் மூட்டையை எடுங்கள். எடுத்தால் வழக்கம்போல வடிகாலைச் சுத்தம் செய்கிறோம். எடுக்காவிட்டால் இந்த வருஷம் கை வைக்க மாட்டோம்" என்றார். அவ்வளவுதான். ஐப்பசி மழையில் யார் வயல் மூழ்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், மாமா சொன்னால் செய்வார் என்பதும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக, யாரும் பார்க்காத நேரத்தில், ஏழு மூட்டையை எடுத்துவிட்டார்கள். மிச்சம் நாலைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை.

நீ கணினி எதிராளிக்கு மூளை எழுதும்போது எனக்கு வேண்டியது அந்த ஏழு மூட்டைதான். பாதி இறங்கி வர அவனுக்குத் தெரிய வேண்டும், மானம் போகாமல். நான் கேட்பது, அதற்குக் கெடு, மறுத்தால் நடப்பது, கேட்டால் அவனுக்குக் கிடைப்பது, எல்லாம் ஒரே பேச்சில் வர வேண்டும். என்னால் முடியுமா, முன்பு சொன்னதைச் செய்தேனா என்று பார்த்து அவன் முடிவெடுக்கட்டும். அவன் மிரட்டும்போதும் காரணத்தைச் சொல்லட்டும். 2022இல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு, பேரம் பேசியே ஆடும் டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தில் தன் திட்டத்தை ஒட்டியே மனிதர்களிடம் பேரம் பேசியது. உன் சின்ன ஆட்டத்துக்கு அவ்வளவு பேச்சு வேண்டாம். சொல்லும் செயலும் ஒட்டியிருந்தாலே போதும்.

முதல் வரைவு ஓடியதும் எனக்கு அனுப்பு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் அடுத்த வாரமே வா. மாமாவிடம் நீயே உட்கார்ந்து பேசு.

உன் மச்சான்