மண்டபத்துக்கு லேப்டாப் தூக்கி வந்த எல்லோருக்கும்

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடை கல்யாண மண்டபத்தில் எல்லோர் லேப்டாப்பையும் வயரால் கோத்து ஒரே பெரிய கம்ப்யூட்டர் மாதிரி ஓட்ட நாம் கட்டிய ஒருநாள் கிளஸ்டரைப் பிரித்து, வயரையெல்லாம் சுருட்டி, கடைசி லேப்டாப்பையும் உரியவர் கையில் கொடுத்துவிட்டு நான் வீடு போய்ச் சேரும்போது இரவு பதினொன்றரை. அன்றைக்கு நன்றி சொல்லத் தெம்பில்லை. இன்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து எழுதுகிறேன், யாரையாவது விட்டிருந்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

முதலில் லேப்டாப் கொடுத்த 37 பேருக்கு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் பைக்குக்கு அடுத்து விலை கூடிய பொருள் அதுதான். மாதத் தவணை இன்னும் முடியாதவை எத்தனை என்று எனக்குத் தெரியும். அதைப் பையில் போட்டு டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, "இந்தாங்கண்ணே" என்று நீட்டினீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

மேலூரிலிருந்து மகளோடு வந்த அம்மாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கியது, அதனால் கூடவே வந்துவிட்டார். "உள்ள இருக்கிறது ஒண்ணும் அழியாதுல்ல தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விண்டோஸுக்குப் பதில் பென்டிரைவிலிருந்து ஏற்றும் லினக்ஸ் என்ற இயங்குதளம் மெமரியில்தான் ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது என்று வாயால் சொன்னால் யாருக்கும் மனசு ஆறாது. அதனால் ஒரு தடவை பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி (பூட் செய்து) காட்டி, அணைத்து, பென்டிரைவை உருவி, மறுபடி போட்டோம். விண்டோஸ் வந்தது, அந்த மகளின் புராஜெக்ட் ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் அதைப் பார்த்த பிறகுதான் தங்கள் லேப்டாப்பைத் திறந்தார்கள், அதற்காகவும் அவருக்கு நன்றி. அறியாத மென்பொருளில் லேப்டாப் தொடங்காமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால், சில லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்டு நின்றுவிடும் என்பதால், அணைக்காமலே பூட் ஆகும் உபுண்டு என்ற லினக்ஸைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற இரண்டாம் ஆண்டுத் தங்கைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இடம் கொடுத்த மண்டபத்து ஐயாவுக்கு. முதலில் வேறு ஓர் இடத்தில் சரி என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்னால் கை விரித்துவிட்டார்கள், அவர்கள் பெயர் வேண்டாம். ஐயாதான், "ஆடி மாசம், மண்டபம் சும்மாதான கெடக்கு, வாங்கப்பா" என்று சாவியைக் கொடுத்தார். கரண்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். பந்தி நடக்கும் ஹாலில், இலை போடுகிற மேசைகளில், வரிசைக்கு ஆறாக லேப்டாப்கள் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். அடியில் காற்றுப் போக மூலைக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டில் மூடி, மொத்தம் 144 மூடி. முந்தின வாரமே சேர்த்துப் பையில் கட்டி வைத்த வாட்ச்மேன் தாத்தாவுக்கு நன்றி.

எலெக்ட்ரீசியன் அண்ணனுக்கு. 36 லேப்டாப், ஒவ்வொன்றும் 65 வாட் சார்ஜர் என்றால் 2,340 வாட், கிட்டத்தட்ட 10 ஆம்பியர். இதையெல்லாம் ஒரே 5 ஆம்பியர் பிளக்கில் ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஜங்ஷன் பாக்ஸாகப் போட இருந்தோம். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூன்று பேஸிலிருந்தும் தனித்தனி லைன் இழுத்து, லைனுக்குப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

லேப்டாப்களின் வயர்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைக் கொடுத்த கடைக்கார அண்ணாச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்களிடம் 24 போர்ட், அதாவது 24 வயர் சொருகுகிற ஸ்விட்ச் இரண்டு இருந்தன. ஆனால் அந்தப் பக்கம் 18, இந்தப் பக்கம் 18 என்று போட்டால் நடுவில் இருக்கும் ஒற்றை வயரில்தான் எல்லாப் பேச்சும் போயாக வேண்டும், சித்திரைத் திருவிழா அன்றைக்கு ஒரே பாலத்தில் ஊரே வைகையைக் கடக்கிற மாதிரி. விற்பனைக்கு வைத்திருந்த புது 48 போர்ட் கிகாபிட் ஸ்விட்சின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, "நாளைக்கிக் காலைல குடுத்துரு" என்று கொடுத்தவர் அவர்.

இப்போது அந்த வயர் கதை. மதியம் சின்னக் கணக்காகக் கொடுத்துப் பார்த்தபோது கிளஸ்டர் நத்தை மாதிரி ஊர்ந்தது. நாங்கள் ஓட்டிய லின்பேக், அதாவது பெரிய சமன்பாட்டுக் கணக்கைக் கொடுத்து வேகம் அளக்கும் சோதனையில், வேலை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போகும், ஒருவர் பிந்தினால் மற்ற 35 பேரும் அவருக்காகக் காத்து நிற்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்று ஒரு மணி நேரம் தேடினோம். நாலாவது வரிசையில் ஒரு லேப்டாப் மட்டும் நொடிக்கு 1000 மெகாபிட்டுக்குப் (அதுதான் கிகாபிட்) பதில் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. லேப்டாப்பில் பழுதில்லை. கேபிள் டிவி தம்பி வயர் டெஸ்டரைச் சொருகினார், இழைக்கு ஒன்றாக இருக்கும் எட்டு விளக்கில் 1, 2, 3 எரிந்தது, 4, 5 எரியவில்லை, 6, 7, 8 எரிந்தது. வயருக்குள் எட்டு இழை நாலு ஜோடியாக இருக்கும், அதில் 4, 5 ஆன நீல ஜோடி உள்ளே சரியாக ஏறவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும், அதனால் நெட்வொர்க் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டது. தம்பி அந்த முனையை வெட்டி, எட்டு இழையையும் விரலால் நீவி வரிசைப்படுத்தி, புது ஜாக்கில் ஏற்றி ஒரே அழுத்து. எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தபோது ஹாலே கை தட்டியது.

அதற்கப்புறம் ஆடிக் காற்றில் கரண்டு போனது. லேப்டாப்கள் பேட்டரியில் அப்படியே ஓடின, ஆனால் ஸ்விட்சுக்கு ஏது பேட்டரி? அது அணைந்ததும் மொத்தக் கணக்கும் செத்தது. மைக் செட் அண்ணன் தன் மிக்சருக்கு வைத்திருந்த யூபிஎஸ்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து ஸ்விட்சுக்கு மாட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே.

ஆறே முக்காலுக்குப் பெரிய கணக்கைக் கொடுத்தோம். ஒரு லட்சம் சமன்பாடுகள், ஒரு லட்சம் தெரியாத எண்கள். இதை நினைவில் வைக்கவே 80 ஜிபி வேண்டும், ஹாலில் எந்த ஒரு லேப்டாப்பாலும் தனியாகத் தாங்க முடியாது, 36 பேரும் ஆளுக்கு 2.2 ஜிபி சுமந்தார்கள். 27 நிமிடம். வேகம் 400 கிகாஃப்ளாப்ஸுக்குச் சற்று மேல், அதாவது நொடிக்கு நாற்பதாயிரம் கோடிக் கூட்டல் பெருக்கல். 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கம்ப்யூட்டர்களைக் கோத்து பேவுல்ஃப் என்ற கிளஸ்டரை ஓட்டினார்கள். 2004 ஏப்ரல் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தூக்கி வந்து, 256 மெஷினில் 180 கிகாஃப்ளாப்ஸ் வரை எட்டினார்கள், கணக்கு முடியும் முன் நின்றுவிட்டது. இந்த இருபது வருஷத்தில் சிப்கள் எவ்வளவோ வேகமாகிவிட்டன, ஆகவே அவர்களோடு போட்டி என்று நான் சொல்ல வரவில்லை. நம் கணக்கு கடைசி வரி வரை ஓடி முடிந்தது, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

37 என்றேனே, அந்த முப்பத்தேழாவது? அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு விலையில்லா லேப்டாப்பை ஒரு தம்பி கொண்டுவந்திருந்தார். பழசு, கணக்கில் சேர்த்தால் எல்லோரையும் பிடித்து இழுக்கும். அவர் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு அதையே தலைமை மெஷினாக வைத்தோம். மற்ற 36க்கும் நெட்வொர்க்கில் அடையாள எண்ணான ஐபி முகவரி கொடுத்ததும், ஃபைல்களைப் பங்கிட்டதும் அதுதான், கடைசியில் விடை வந்து விழுந்ததும் அதன் திரையில்தான்.

சாயங்காலம் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் நன்றி.

ஒரு 65 வாட் சார்ஜர் என்னிடம் இருக்கிறது. வயரில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். யாருடையது என்று சொன்னால் நானே வீட்டுக்கு வந்து கொடுத்துவிடுகிறேன்.