பரவாயில்லை என்பது பாராட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போட்டு, அறிமுகம் செய்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாருமே செம்மல், எல்லாருமே சிகரம். அவர்களில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிய நான்கைந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

மேடையில் இப்படிக் கொட்டுகிற நாம் வீட்டுக்குள் வந்ததும் கஞ்சனாகிவிடுகிறோம். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை". அதற்கு மேல் வாயிலிருந்து வராது. பிள்ளையைப் பாராட்டினால் கண் பட்டுவிடும், இல்லாவிட்டால் தலைக்கனம் ஏறிவிடும்.

ஊரைச் சொல்வானேன், என் கதையையே சொல்கிறேன். 2023ல் என் மகன், இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், தமிழில் ஏஎல் 2 வாங்கி வந்தான், அதாவது மேலிருந்து இரண்டாவது நிலை. நான் கேட்ட முதல் கேள்வி, "ஏஎல் 1க்கு எத்தனை மார்க்கு குறைஞ்சுது?" அவன் நிதானமாக, "தெரியாதுப்பா, அதெல்லாம் தாள்ல போட மாட்டாங்க" என்றான். ஒரு மார்க்கு இரண்டு மார்க்குக்காகப் பிள்ளைகளை ஒப்பிடக்கூடாது என்றுதான் 2021ல் அந்த முறையையே மாற்றினார்கள், நான் விடுவேனா?

அப்புறம் வெட்கமாகிப் போய், எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். தொட்டதற்கெல்லாம் "நீ கெட்டிக்காரன்டா". அதுவும் தப்பு என்று பிறகு ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் தெரிந்தது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வு அது. புதிர் போட்டு முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் புத்திசாலி என்றும், சிலரிடம் நன்றாக முயன்றிருக்கிறாய் என்றும் சொல்லியிருக்கிறார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அடுத்துச் சுலபமானதைத்தான் கேட்டார்கள், ஒரு கடினமான புதிரில் தோற்றதும் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்களோ முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். என் மகனுக்கு ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை, "அப்பா, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் மாதிரியே பேசாதீங்க" என்று சொல்லிவிட்டான்.

உண்மையான பாராட்டு எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியவள் என் மகள். ஒரு நாள் என் அம்மாவிடம், "பாட்டி, நீங்க கரண்டியே போடாம சட்டியை மட்டும் சுத்திவிடுறீங்க, அதான் மீன் உடையறதே இல்ல, நான் பாத்துட்டே இருந்தேன்" என்றாள். அம்மாவுக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றே தெரியவில்லை. "அட போடி, இன்னைக்கு உப்பு தூக்கல்" என்று தட்டிவிட்டார். ஆனால் அன்று இரவே ஜோகூரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, பேத்தி கவனித்ததை அரை மணி நேரம் சொன்னார். 50 வருடமாக அந்தக் குழம்பைச் சாப்பிடுகிறேன், அம்மாவின் கை என்ன செய்கிறது என்று நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

மரியாதை இயக்கத்தின் சின்னமான சிங்கா சிங்கத்தின் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள், நன்றி சொல்ல நன்றாகவே பழகிவிட்டோம். பாராட்ட மட்டும் பழகவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நம்மை நாமே பாராட்டிக்கொள்வது. என் மனைவி ஒரு பாலர் பள்ளியில் 16 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லித் தருகிறார். வேலையைப் பற்றித் தாங்களே எழுதித் தரும் ஆண்டிறுதிப் படிவத்தில் போன வருடம் ஒரே வரி எழுதியிருந்தார்: கொடுத்த வேலையைச் செய்தேன். ஏன் என்றால், தற்புகழ்ச்சி அசிங்கமாம். தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூல் சொல்வதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள், அதற்கு அந்த நூலை எழுதிய பவணந்தி முனிவரே கொடுத்த விலக்கை ஏனோ விட்டுவிடுவார்கள். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் திறமை தெரியாதவர்கள் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய நேரத்திலும், எதிராளி பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். ஆண்டிறுதிப் படிவம் ஓலை இல்லாமல் வேறென்ன?

சரி என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். மூன்று மாதம் வாயே திறக்காமல் வாசலில் நின்று அழுத ஒரு பையனிடம், இவர் தினமும் தரையில் உட்கார்ந்து அவன் காலணியின் நிறத்தைப் பற்றியே பேசிப் பேசி, ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவனே "நீலம்" என்றானாம். அதை அப்படியே எழுதச் சொன்னேன். பதவி உயர்வு கிடைத்ததா என்று கேட்காதீர்கள், கிடைக்கவில்லை. அந்தப் படிவத்தின் நகலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கடைசியாக, அன்று நாற்காலி அடுக்கிய பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால்: கால் ஆடிய நாற்காலி ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, அடுத்து வருகிறவர் உட்கார்ந்து விழுந்துவிடாமல் இருக்க அதில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனீர்களே தம்பி, நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்